ஒருவரும் மறுக்காத முடிவு

2019 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. ஜுர்ஜுரா மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. மழை தொடங்கவில்லை, ஆயினும் அயித் வாஸிம் ஊரின் சபைக் கூடத்தில் கல்லிருக்கைகள் ஈரமாகவே இருந்தன. அவற்றில் தோளில் கொடி போர்த்து அமர்ந்திருந்த ஆண்கள் பேருந்துக்காகக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு வெள்ளியும்போல அன்றும் தீஸி-உஸூ நகரத்து ஊர்வலத்தில் மக்களாட்சி கேட்கப் போகிறார்கள்.

பெண்கள் கடக்காத அந்த வாசலை ஜெஜிகா கடந்தாள்.

அரசியல் அமைப்புகள் வெவ்வேறு நாகரிகங்களில் எவ்வாறு வளர்ந்தன என்பதைப் பல்கலைக்கழகத்தில் ஒப்பிட்டுக் கற்பிப்பவள் அவள். ஏதென்ஸ் கைகளை எண்ணியது. ரோம் சொத்தை எடைபோட்டது. எங்கள் மலைச் சபையோ எதையும் எண்ணுவதில்லை, குலப் பிரதிநிதிகளில் ஒருவர்கூட மறுக்காத நிலை வரும்வரை பேசிக்கொண்டே இருக்கும் என்று ஆண்டுதோறும் பெருமையோடு சொல்லிவந்தாள். சென்ற வாரம் அந்தச் சபை, ஒருவரும் மறுக்காமல், அவள் தாயின் வீட்டுக் குடிநீர்க் குழாயை அடைத்துவிட்டது.

ஊற்றுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் ஊர்ப்பணிக்கு அந்த வீட்டிலிருந்து ஆண் யாரும் வரவில்லை என்பது குற்றம். உண்மைதான். தந்தை இறந்துவிட்டார்; தம்பி கடலுக்கு அப்பால் மார்செய் நகரத்தில் இருக்கிறான். ஜெஜிகாதான் மண்வெட்டி எடுத்துப் போய்த் தோண்டினாள். தாய் வர்தியா தோண்டியவர்களுக்கெல்லாம் கூஸ்கூஸ் என்னும் கோதுமை ரவைச் சோறு சமைத்து அனுப்பினாள். கூஸ்கூஸ் மிச்சமின்றித் தீர்ந்தது. வீடு மட்டும் வராத வீடாயிற்று. எழுபத்துமூன்று வயதில் வர்தியா இப்போது கீழ் ஊற்றிலிருந்து கேனில் நீர் சுமந்து மேடேறுகிறாள்.

"என்ன தங்கச்சி, வழி தவறி வந்துட்டியா?" என்றார் சபைத் தலைவர் லுனாஸ். சிலர் சிரித்தார்கள்.

"வழியெல்லாம் சரிதான் அண்ணே. எங்கம்மா வீட்டுக் குழாயத் திறந்து விடுங்க."

"அதப் பேச உங்க குலத்துக்கு ஆள் இருக்கான். அக்லி, உன் பெரியப்பா மகளுக்கு எடுத்துச் சொல்லேன்டா."

அக்லி தன் செருப்பைப் பார்த்தான்.

மூலையிலிருந்து ஒரு முதியவர் குரல் கொடுத்தார். "நீதானேம்மா மேடை போட்டுச் சொன்னே, நம்ம சபை ஏதென்ஸவிட ஒசத்தின்னு? அங்க மட்டும் பொம்பளைங்கள உள்ள விட்டாங்களா?"

"விடல மாமா. அடிமையும் வெச்சிருந்தாங்க. அதையும் நாளைக்கே ஆரம்பிச்சிடலாமா?"

"ரோம்ல?"

"ரோம்ல பணக்காரன் ஓட்டுக்குத்தான் மொதல் மரியாதை. அந்தக் கணக்குக்கு வந்தா உங்களுக்கே இங்க இடம் கிடையாது."

இம்முறை சிரித்தவர்கள் வேறு. ஜெஜிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழிந்துபோன நகரங்களை அவளால் குரல் உயராமல் ஒப்பிட முடியும். அவை யார் வீட்டுக் குழாயையும் அடைக்கப்போவதில்லை. அவள் அக்லியின் எதிரே போய் நின்றாள்.

"எங்க வீட்டுக்கும் சேர்த்து நீதானே சரின்னு சொன்னே? யாரைக் கேட்டுச் சொன்னே?"

"எல்லாரும் சரின்னாங்க அக்கா. நான் ஒருத்தன் மட்டும் எப்படி..."

"அந்த ஒருத்தனுக்காகத்தான்டா உன்ன இங்க உக்கார வெச்சிருக்கு! பள்ளத்துல என் பக்கத்துலதான நின்னே? பெரியம்மா அனுப்பின சோத்த ரெண்டு தட்டு தின்னியே, அப்ப அந்த வீட்ல ஆள் இருந்தாங்களா, இல்லையா?"

வெளியே பேருந்து ஒலியெழுப்பியது. ஒருவரும் எழவில்லை. அக்லியின் காதுகள் சிவந்தன.

"நான் சொன்னதத் திரும்ப வாங்கிக்கறேன்," என்றான் அவன்.

"டேய், என்ன சொல்ற?" என்றார் லுனாஸ்.

"எங்க குலம் இதுக்குச் சம்மதிக்கல."

ஒருவர் மறுத்தால் முடிவு இல்லை. அது அவர்களுடைய பாட்டன்மார் வகுத்த விதி; தொடங்கிய பேச்சு முடியாமல் கூடம் கலையக்கூடாது என்பதும் அவர்கள் வகுத்ததுதான். லுனாஸ் கெஞ்சினார், அதட்டினார், வெளியே கையைக் காட்டினார். அக்லி அசையவில்லை.

"சரி, குழாயத் திறக்கறோம். போதுமா?"

"போதாது," என்றாள் ஜெஜிகா. "ஒரு வீட்டப் பத்தி முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி அந்த வீட்ல இருக்கறவங்கள இங்க கூப்பிட்டுக் கேக்கணும். ஆண் இல்லாத வீடா இருந்தாலும். எழுதுங்க."

"இது ஆகாத காரியம்."

"அப்ப நானும் இங்கயே இருக்கேன். நீங்க போய் மக்களாட்சி கேட்டுட்டு வாங்க."

பேருந்து மீண்டும் ஒலித்தது. ஓட்டுநர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். பின்வரிசை இளைஞர்கள் முனகினார்கள்: "எழுதித் தொலைங்க அண்ணே, ஊர்வலம் போயிடும்." அவள் சொன்னதை யாரும் ஏற்றதாகத் தெரியவில்லை, மறுக்க யாருக்கும் நேரமில்லை. லுனாஸ் சுற்றிலும் பார்த்துக் காத்திருந்தார். ஒருவரும் மறுக்கவில்லை.

எழுதினார். அக்லி உட்படப் பிரதிநிதிகள் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள். கடைசியாகத் தானும் இட்டு, தாளை வழக்கப்படி அந்த வீட்டின் குலத்து ஆளான அக்லியிடம் நீட்டினார். அவன் கைகளைக் கட்டிக்கொண்டான். தாள் சிறிது நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு லுனாஸ், அவள் முகத்தைப் பாராமல், அதை ஜெஜிகாவின் கையில் கொடுத்தார்.