நாலரை மணிப் புகை

1961ஆம் வருஷம் ஆனி மாதத்திலிருந்து, விராலிமலைக்குக் கிழக்கே இரண்டு மைலில் உள்ள முத்தாள் வீட்டில், ஆளில்லாத கயிற்றுக் கட்டிலின் மேல் தினமும் மாலை நாலரை மணிக்குச் சுருட்டுப் புகை எழுந்தது. கால் மணி நேரம் இருக்கும். பிறகு ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போய்விடும். அந்த வீட்டில் சுருட்டுப் பிடிக்கிறவன் ஒருவன்தான், முத்தாளின் புருஷன் சேவுகன். பட்டாளத்தில் சிப்பாய். அந்தப் பங்குனியில்தான் ஐ.நா. அமைதிப் படையோடு காங்கோ தேசத்துக்குக் கப்பலேறிப் போயிருந்தான்.

விராலிமலை முருகனுக்குச் சாயங்காலச் சாயரட்சைப் பூஜையில் சுருட்டுப் படைப்பது வழக்கம். முத்தாள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கட்டுச் சுருட்டோடு மலையேறி, படைத்து வாங்கி, மாதம் ஒரு பார்சல் அனுப்பினாள். முதல் பார்சல் அவன் கைக்குக் கிடைத்த நாளும் முதல் புகை வந்த நாளும் ஒன்றே என்று பிறகு வந்த கடிதத்தில் தெரிந்தது. புகை வருவதில் அவளுக்குக் குழப்பமில்லை, நேரத்தில்தான் குழப்பம். அவன் மத்தியானம் சாப்பிட்ட கையோடு பிடிக்கிறவன். பக்கத்து வீட்டு டீச்சர் பிரகதாம்பாள் அட்லஸை விரித்து விரலால் அளந்து பார்த்தாள்.

"நமக்கும் அவுகளுக்கும் மூணரை மணி நேரம் வித்தியாசங்க்கா. அங்க இப்ப ஒரு மணிதான்."

"அப்பச் சரி," என்றாள் முத்தாள். "நேரத்துக்குச் சாப்பாடு போடுறாங்க."

புகை இரண்டு இழையாக எழுந்தது. ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. கடிதங்களை அதிகாரிகள் பிரித்துப் படிப்பார்கள் என்பதால் அவள் புகையைப் பற்றி எழுதவில்லை. சாப்பிட்ட பிறகு பக்கத்தில் உட்காருவது யார் என்று மட்டும் கேட்டாள். உனக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டு, சேவுகன் இரண்டு பக்கம் எழுதினான். ஆவூர் சவரியப்பனாம். மாதா கோயிலுக்குப் பின்தெருக்காரன். இருவருக்கும் விமான நிலையத்தில் காவல். விடிந்ததும் மண்மூட்டை கட்டுவது, தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்பது, நீலத் தொப்பியைத் துவைத்துக் காயப்போடுவது, உருளைக்கிழங்கு உரிப்பது, இதுதான் வேலை. புளி கிடைப்பதில்லை. மண் மட்டும் நம் இலுப்பூர் மண்ணைப் போலவே சிவப்பு. இரண்டு ஆள் உயரத்துக்குப் புற்றுகள் உண்டு. வெள்ளிக்கிழமை அவற்றுக்குப் பால்பவுடரைக் கரைத்து ஊற்றினார்கள். ஸ்வீடன் தேசத்து அதிகாரி ஒருவர் அது கறையானுக்கு மருந்து என்று நினைத்து நோட்டில் குறித்துக்கொண்டார். பெரிய புற்று ஒன்றின் நிழலில்தான் இருவரும் மத்தியானம் சுருட்டை நடுவில் வெட்டிப் பிடிப்பது. நெருப்புப் பெட்டி சவரியப்பனுடையது. "ஒங்க சாமிக்குச் சுருட்டக் குடுத்தீங்க, சரி. நெருப்புப் பெட்டி குடுக்கணும்னு ஒருத்தனுக்குக் கூடவாடா தோணல?" என்று தினமும் கேலி செய்வானாம்.

கார்த்திகை கடைசியில் ஒருநாள் புகை வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் டீக்கடை ரேடியோவில் காங்கோவில் சண்டை என்றார்கள். முத்தாள் நாலரைக்குக் கட்டிலைத் துடைத்துப் போட்டு எதிரில் உட்காருவாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். பத்தாம் நாள் சேவுகனின் அண்ணன் கருப்பையா வந்தார்.

"ஊர்ல கேக்குறாங்க முத்தாளு. ஆக வேண்டியதப் பாக்க வேணாமா?"

"என்ன ஆகணும் பெரிய மச்சான்? தந்தி வரட்டும். சர்க்காருக்குத் தெரியாம அவுக சாக முடியாது."

"பொகைய நம்புனவ நீதானே?"

"நம்புனேன். வந்தப்ப, அவுக இருக்காகன்னு சொல்லுச்சு. வராதப்ப அது ஒண்ணுமே சொல்லலையே."

கருப்பையா துண்டை உதறித் தோளில் போட்டார். அடுத்த புதன்கிழமை வரை பார்ப்பது, பிறகு உறவைக் கூட்டித் தாலியை இறக்குவது என்று முடிவு செய்து போனார். அந்த வெள்ளிக்கிழமையும் முத்தாள் மலையேறினாள். இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டு, சுருட்டுக் கட்டு நனையாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

புதன்கிழமை உறவுக்காரர்கள் வாசலில் நிறைந்திருந்தார்கள். நாலரைக்குக் கட்டிலின் மேல் புகை எழுந்தது. பக்கத்தில் நின்ற கருப்பையாவுக்குத்தான் முதலில் தும்மல் வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். முத்தாள் சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள். தடித்த இழை மட்டும்தான் இருந்தது. மெலிசானது இல்லை. விரல்விட்டு எண்ணினாள். புகை நின்றது சரியாகப் பதினாறு நாள். நேராகக் குளத்துக்குப் போய்த் தலை முழுகினாள்.

"யாருக்கு இந்தத் தலைமுழுக்கு? அவன்தான் இருக்கானே," என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆவூர்க்காரருக்கு," என்றாள் முத்தாள்.

தை மாதம் கடிதம் வந்தது. மண்மூட்டைக்குப் பின்னால் காவல் இருந்தபோது சவரியப்பன் மேல் குண்டு பட்டது. அந்தப் பெரிய புற்றுக்குப் பக்கத்திலேயே குழிவெட்டிச் சிலுவை நட்டார்கள். பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு. தீட்டோடு பிரசாதச் சுருட்டைத் தொடக்கூடாது. ஹவில்தார் வீரய்யா திட்டினாராம். "அவன் வேதக்காரன், நீ முருகன் மலைக்காரன். ஒனக்கு என்னடா தீட்டு?" சேவுகன் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு சுருட்டப் பாதி பாதியாப் பிடிச்சவன் பங்காளிதானேண்ணே." வீரய்யா அதன் பிறகு அவனுக்குப் பதினாறு நாளும் கறியில்லாத சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

1962 ஆவணியில் சேவுகன் லீவில் வந்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சுருட்டை எடுத்தவனிடம், "நாலரைக்குப் பிடிங்க," என்றாள் முத்தாள். நாலரைக்குக் கட்டிலில் உட்கார்ந்தான். பழக்கத்தில் சுருட்டை நடுவில் வெட்டிவிட்டு, ஒரு கணம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டையும் பற்ற வைத்து, ஒன்றைக் கட்டில் சட்டத்தின் ஓரத்தில் வைத்தான். அவன் இழுத்தான். நெருப்பு கனிந்தது, சாம்பல் விழுந்தது, புகை மட்டும் வரவில்லை. ஓரத்தில் இருந்த பாதியும் யாரோ இழுப்பது போல விட்டுவிட்டுக் கனிந்து தீர்ந்தது. அதிலிருந்தும் புகை இல்லை. லீவு முழுதும் தினமும் அப்படித்தான்.

ஒன்றரை மாதம் கழித்து, இன்னும் காங்கோவிலேயே இருந்த வீரய்யாவிடமிருந்து கடிதம் வந்தது. எல்லோரும் சௌக்கியம், உருளைக்கிழங்கு இன்னும் தீரவில்லை, சவரியப்பன் சிலுவைக்குப் பக்கத்தில் கொஞ்ச நாளாக மத்தியானம் ஒரு மணிக்குச் சுருட்டுப் புகை வருகிறது, இரண்டு இழை, ஒன்று தடிமன், ஒன்று மெலிசு, ஸ்வீடன் அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார் என்று எழுதியிருந்தார்.

முத்தாள் கடிதத்தை இரண்டு முறை படித்து மடித்து வைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் மலையேறியபோது, தட்டில் சுருட்டுக்குப் பக்கத்தில் ஒரு நெருப்புப் பெட்டியும் இருந்தது. குருக்கள் அதையும் சேர்த்துப் படைத்துக் கொடுத்தார்.