முன்கையின் நிறம்

கடையில் ஒன்பது கணினிகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. ஒன்பது திரையிலும் ஒரே பூ, ஒன்பது நிறத்தில்.

"இதைப் பாருக்கா, கண்ணைப் பறிக்குது" என்றான் தம்பி, பளபளப்பான திரை ஒன்றில் தன் மீசையைச் சரிசெய்தபடி.

"பறிக்கிறது வேண்டாம்டா. ஏற்கெனவே ஒருத்தர் பறிகொடுத்துட்டு வீட்ல உக்காந்திருக்கார்."

அவள் கையில் ஒரு தாள் இருந்தது. கணவர் சொல்லச் சொல்ல எழுதியது. திரை மின்னக் கூடாது. பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் நிறம் மாறக் கூடாது. கேமராவின் மூலப் படங்கள் கனமானவை, ஆகவே நினைவகம் தாராளமாக வேண்டும். படம் திருத்தும் மென்பொருள் அவர் வைத்திருந்த அதே மென்பொருளாக இருக்கவேண்டும். முகத்துக்கு மாவு பூசும் இலவசச் சரக்கு ஆகாது. தாளில் இருந்த ஒவ்வொன்றையும் கேட்டு, மங்கலான திரை கொண்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

"அக்கா எடுத்ததுதான் இருக்கறதுலயே அழுமூஞ்சி" என்றான் தம்பி.

கணவர் இருபத்தாறு வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவர். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றது. மிச்சமிருந்த பார்வையை அவர் ஒரே வேலைக்குச் செலவிட்டார். மகளின் இருநூற்றுப் பதினான்கு படங்கள்.

மகள் பதினோரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே வைத்து அவர் எடுத்த படங்கள் அவை. அந்த அறையின் குழல் விளக்கு எல்லாவற்றின் மேலும் ஒரு பச்சையைப் பூசும். கேமராவின் பின்பக்கம் பார்த்துவிட்டு அவள் சொல்வாள், "என்னைப் பச்சைக்கிளி ஆக்கிட்டீங்கப்பா. அடுத்து கூண்டு வாங்கிடுங்க."

"வீட்டுக்கு வா, சரிபண்ணித் தரேன்."

அவள் வீட்டுக்கு வரவில்லை. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு வருடம், ஒவ்வொரு படமாக, பச்சையை எடுத்தார். நடுவில் சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிடுவார். "இங்க வா, கையைக் காட்டு." மனைவி பாத்திரம் துலக்கிய ஈரம் சொட்ட வந்து, முன்கையின் உள்பக்கத்தைத் திரையோரம் பிடிப்பாள். மகளுக்கு அம்மாவின் அந்த இடத்து நிறம். கையைப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார், இம்மியளவு நகர்த்துவார். "வந்துட்டா" என்பார். கடைசிப் படம் முடிந்த மாதத்திலேயே பார்வையும் முழுதாகப் போனது. இனிப் படங்களைப் புத்தகமாக அச்சிடவேண்டும். ஆனால் பழைய கணினி அரை மணிக்கு ஒருமுறை தானாக அணைந்தது. அதனால்தான் இந்தக் கடை.

கடைக்காரர் தொப்பையும், நெற்றிமேல் ஏற்றிய கண்ணாடியுமாக, எல்லாவற்றையும் தானே பழுதுபார்ப்பவர். "பழசைக் குடுத்துட்டா விலைல கழிச்சுக்கலாம்மா" என்றார். கொண்டுவந்திருந்த பழையதிலிருந்து புதியதற்குத் தம்பி எல்லாவற்றையும் நகலெடுத்தான். படங்கள் முழுதும் வந்துவிட்டன. ஒரு பெரிய கோப்பு மட்டும் மிஞ்சியது.

"இது என்னடா?"

"தெரியலக்கா. திறக்க மாட்டேங்குது. உள்ள படம் எதுவும் இல்ல. பழைய மென்பொருளோட குப்பையா இருக்கும். வேணுமா?"

"படம் இல்லாதது நமக்கு எதுக்கு?" என்றாள் அவள்.

மறுநாள் காலை, கணவர் குளித்துத் தலைவாரி, விருந்துக்குப் போகிறவர்போல் கணினி முன் வந்து உட்கார்ந்தார். அவள் முதல் படத்தைத் திறந்தாள். பச்சை. அடுத்ததும் பச்சை. ஐம்பதாவதும், நூறாவதும். உதடு வறண்ட, குழல் விளக்கின் கீழ்க் கிடக்கும் பெண்.

"வந்துட்டாளா?"

"நல்லா இருக்கா" என்றாள்.

"நாப்பத்தொண்ணு பாரு. கன்னத்துல ஜன்னல் கம்பியோட நிழல் இருக்கும். அழகா இருந்துச்சுன்னு அதை மட்டும் எடுக்காம விட்டேன்."

"ஆமாங்க. அழகா இருக்கு."

அன்று மதியமே கடைக்குப் போனாள். கடைக்காரர் முழுதும் கேட்டுவிட்டு முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"திருத்தினது படத்துல ஏறாதும்மா. அந்த மென்பொருள் மூலப் படத்தைத் தொடவே தொடாது. எந்தப் படத்துல எதை எவ்வளவு மாத்தணும்னு தனியா ஒரு கோப்புல எழுதி வச்சுக்கும். கேட்டலாக்னு பேரு. அது இருந்தாத்தான்..."

"பழைய கணினி இங்கதானே இருக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "ஒரு வீட்டுப் படம் இன்னொரு வீட்டுக்குப் போயிடக் கூடாதும்மா. வந்த அன்னைக்கே மூணு தடவை மேல எழுதி அழிச்சிடுவேன். இத்தனை வருஷமா அப்படித்தான். உங்களோடதையும்..."

அவளுக்குக் கோபப்படக்கூட வழியில்லை. ஒரு நல்ல மனிதர் செய்யவேண்டியதைத்தான் அவர் செய்திருந்தார்.

திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தின் இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். நித்தமும் கடவுளிடம் ஏதாவது கேட்பவள்தான். அன்றைக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லத் தைரியம் கேட்கலாம். இன்னொரு பொய் சொல்லத் தைரியம் கேட்கலாம். இரண்டும் கேட்காமல் எழுந்தாள். பார்வை இல்லாதவரிடம் சொல்லும் பொய் இருட்டில் ஒருவரைக் குழிப்பக்கம் நடத்திப் போவதுபோல என்று மட்டும் தோன்றியது.

வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"கேட்டலாக்கை எடுக்கலையா?"

"படம் இல்லாதது எதுக்குன்னு நான்தாங்க சொன்னேன்."

"தாள்ல நான் எழுதச் சொல்லலையே. வர்றவங்களுக்கெல்லாம் ரெண்டு பிரதி வைங்கன்னு சொல்லுவேன். ஊருக்குத்தான் உபதேசம்." விரல்கள் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே போயின. விளிம்பு முடிந்ததும் சொன்னார், "அவளை மறுபடி ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்துட்டோம்."

இரண்டு நாள் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, யாரும் கூப்பிடாமல், கடைக்காரர் வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கும்மா" என்று மட்டும் சொல்லிக் கணினிமுன் உட்கார்ந்தார். "எதை எவ்வளவு நகர்த்தினீங்கன்னு எண் ஏதாவது ஞாபகம் இருக்குங்களா ஐயா?"

"எண்ணைப் பாத்துப் பண்ணலைங்க. இவ கையைப் பாத்துப் பண்ணினேன்."

அவள் திரையோரம் முன்கையைப் பிடித்தாள். நாற்பத்தோராவது படம். கடைக்காரர் நகர்த்தினார், பச்சை விலகியது, ஊதா ஏறியது. பின்வாங்கினார், மஞ்சள் வந்தது. கை மரத்துப்போக, இன்னொரு கையால் அதைத் தாங்கிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் போனது. கடைக்காரர் திரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. அவளுக்கு முன்பே தெரியும். அவர் கடைசியாகப் பார்த்த பிறகு கை கறுத்து, வறண்டு, சுருங்கியிருந்தது. அது இப்போது மகளின் நிறம் இல்லை. கணவருக்கு மட்டும் அது தெரியாது.

"வந்துட்டாளா?" என்றார் அவர்.

திரையில் ஒரு பெண் இருந்தாள். கன்னத்தில் கம்பி நிழல். மகளுக்கு அக்கா முறை ஆகும் யாரோ போல இருந்தாள். 'நல்லா இருக்கா' என்பது அவள் நாக்கின் நுனி வரை வந்தது.

"இல்லைங்க" என்றாள். "பச்சை போயிருக்கு. இன்னும் அவ வரல. என் கையும் பழைய கை இல்ல."

அவர் கையை நீட்டித் துழாவி, அவள் முன்கையைப் பிடித்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு இளைச்சிருக்கே" என்றார். "நீ சொல்லவே இல்லையே."

கடைக்காரர் அதுவரை வந்த நிறத்தோடு அந்தப் படத்தைச் சேமித்தார். புதுக் கேட்டலாக்கைத் தனி வட்டில் நகலெடுத்து அவள் கையில் வைத்தார். இன்னும் இருநூற்றுப் பதிமூன்று. அவர் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை; கொடுத்தாலும் அவர்கள் நம்பியிருக்கமாட்டார்கள். பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, நாரையெல்லாம் நீக்கி, பாதியைக் கணவர் உள்ளங்கையிலும் பாதியை அவள் உள்ளங்கையிலும் வைத்தார்.

கொடுத்த கைக்காக இருவரும் சாப்பிட்டார்கள்.