"நோ" என்று அமுக்கச் சொன்னேன்

நாட்குறிப்பில் ஒவ்வொரு மாலையும் மூன்று விஷயம் எழுதுவேன்: என்ன பாடம், எத்தனை நிமிடம் கம்ப்யூட்டர் கிடைத்தது, எத்தனை பிழை. நேற்று பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஜூன் பதினேழில் இப்படி இருக்கிறது: "கடிதம் டைப். ஐம்பது நிமிடம். பிழை மூன்று." அதற்கு முந்தைய எந்தப் பக்கத்திலும் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் இல்லை.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் வகுப்பு. மாலை ஆறிலிருந்து ஏழு வரை. பதினாறு பேருக்கு எட்டு கம்ப்யூட்டர். எனக்கு ஜோடி வெள்ளத்தாய் அக்கா. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் ஒன்பது வருஷமாக மிஷினில் உட்கார்ந்து அவளுக்கு இடுப்பே போய்விட்டது. ஆபீசில் ஒரு இடம் காலியாகிறது, கம்ப்யூட்டர் பரீட்சையில் பாஸானால் உனக்குத்தான் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார்.

முதல் அரை மணி அவளுக்கு, அடுத்தது எனக்கு. பஸ் பிடித்து அவள் வந்து சேர ஆறேகால் ஆகும். அவள் முடிக்கும்போது என் நேரத்திலும் கொஞ்சம் போயிருக்கும். நான் எதுவும் சொன்னதில்லை. நிமிடத்தை மட்டும் எழுதிக்கொள்வேன்.

ஜூன் பதினேழாம் தேதி பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்தாள்.

"ஏட்டி சத்யா, எங்க அண்ணன் வாங்கித் தந்தான். கீபோர்டுகூட ஒட்டிக்கிடுது. இதுலயே பழகுனா போதுமா, இல்ல அந்த கம்ப்யூட்டர்தான் வேணுமா?"

போதுமா என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"போதும்க்கா. எல்லாம் ஒண்ணுதான்."

ஜேசுதாசன் சார் காதில் விழுந்துவிட்டது. "படம் பாக்க நல்லாருக்கும்மா அது. பரீட்சை கம்ப்யூட்டர்லதான். இதுலயும் செத்த நேரம் உக்காரு."

அவர் நகர்ந்ததும் அக்கா என் காதில் சொன்னாள்: "கடைக்காரரு தன் சரக்கத்தான விப்பாரு." நான் சிரித்தேன். அன்று பத்தே நிமிடத்தில் அவள் எழுந்து டேப்லெட்டோடு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்; கம்ப்யூட்டர் எனக்கு.

அவள் வேகமாகக் கற்றுக்கொண்டாள். பஸ்ஸில் இடம் கிடைத்தால் மடியில் வைத்து அடித்துக்கொண்டே வருவாள். மூன்றாவது வாரத்தில் என்னைவிடப் பிழை குறைவு. ஒரே ஒரு தொந்தரவுதான் சொன்னாள்.

"நடுவுல நடுவுல பெட்டி பெட்டியா வந்து என்னமோ கேக்கு சத்யா. அப்டேட் பண்ணவாங்குது, ஸ்டார் குடுங்குது. மாமியாகூட இம்புட்டு கேள்வி கேக்க மாட்டா."

"எது கேட்டாலும் நோன்னு அமுக்கிருங்கக்கா. போயிரும்."

பரீட்சை ஸ்ரீவில்லிபுத்தூரில். முதலில் ஒரு கடிதம், பிறகு ஒரு அட்டவணை, கடைசியில் இரண்டையும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அக்கா எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தாள். என் கடிதம் பாதியில் இருக்கும்போதே அவள் முடித்துவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிரிண்ட் எடுக்கும் நேரத்தில் மேற்பார்வையாளர் அவள் அருகில் நின்றுகொண்டே இருந்தார். அட்டவணை இருந்தது. கடிதம் இல்லை. பத்து நிமிடம் மிச்சம். திரும்ப அடிக்கத் தொடங்கி நான்கு வரியில் மணி அடித்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் அவளாகத்தான் பேசினாள்.

"லெட்டர முடிச்சு மூடுனேன். ஒரு பெட்டி வந்து கேட்டுச்சு. நோன்னுதான் அமுக்குனேன் சத்யா."

சரியாகத்தானே செய்தேன் என்று கேட்பது போல இருந்தது.

"அது சேவ் பண்ணவான்னு கேட்டிருக்கும்க்கா."

"டேப்ல அதுவே வச்சுக்கிடுமே. இது எதுக்குக் கேக்கு?"

"கம்ப்யூட்டர்ல நாமதான் சேவ் பண்ணணும்."

"அப்படியா," என்றாள். தளவாய்புரம் போக ராஜபாளையத்தில் பஸ் மாற வேண்டும். அதுவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டேப்லெட்டில் அது தானாகவே சேமித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை என்பதும் தெரியும்; சார் அதைச் சொல்லித்தந்த நாளில் அக்கா டேப்லெட்டில் அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. இல்லை, யோசிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேனா? ஐம்பது நிமிடம் என்று எழுதிய கையெழுத்தை உற்றுப் பார்க்கிறேன். எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

மதியம் போன் செய்தேன். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், பாஸாக மாட்டேன் என்று அவளே முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டாளாம்.

"வேற பிள்ளைய எடுத்துட்டாவ. பட்டாணிக் கடைக்காரர் மக."

"அடுத்த பரீட்சை எழுதுங்கக்கா. முழு நேரமும் நீங்களே கம்ப்யூட்டர்ல உக்காருங்க. டேப்ப பத்தி நான் அன்னைக்கு…"

"அது நல்லாத்தான் இருக்கு. எம்மவன் படம் பாக்கான்." பின்னால் மிஷின்கள் ஓடும் சத்தம். "வைக்கேன் சத்யா. துணி குவிஞ்சு கெடக்கு."

இன்று வகுப்புக்குப் போனேன். அறுபது நிமிடமும் எனக்கே. ஒரு கடிதம் அடித்தேன். மூடும்போது அந்தப் பெட்டி வந்தது. எதையும் அமுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜேசுதாசன் சார் வந்து, "மணி ஏழாச்சும்மா," என்றார்.