முப்பத்து நாலு இடுப்பு

தொப்பை போட்டுவிட்டது என்று எந்தத் தையல்காரனும் வாடிக்கையாளரிடம் சொல்லமாட்டான். பேசாமல் பேண்டின் பின்தையலைப் பிரித்து, கொஞ்சம் துணியை விட்டுக் கொடுப்பான். என் மனைவியின் அண்ணனுக்கு அஞ்சு வருஷமாக அதைத்தான் செய்தேன். புதுசு தைத்தாலும் இடுப்புப்பட்டியில் பழைய அளவையே எழுதிவிடுவேன்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, கல்யாணத்தப்ப இருந்த அதே முப்பத்து நாலு!" என்று கண்ணாடி முன் பீற்றிக்கொள்வார். நானும் தலையாட்டி வைப்பேன்.

இன்று காலை என் கடைப் படியேறியவர் பாதியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் தொங்கிய டேப்போடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டரம்மா பரிசோதனைத் தாள்களைப் புரட்டினார். "சர்க்கரை நார்மல். இ.சி.ஜி.லயும் பெருசா ஒண்ணுமில்ல. கொழுப்புதான் கூடுதல். சமீபத்துல உடம்பு போட்டிருக்கா?"

"சேச்சே! அஞ்சு வருஷமா ஒரே இடுப்பு. இவரே சாட்சி" என்று மச்சான் என்னைக் கைகாட்டினார்.

நான் தைத்த தொளதொளச் சட்டை தொப்பையை நன்றாகவே மறைத்திருந்தது.

"வாயுவா இருக்கலாம். மாத்திரை தரேன்" என்று டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

சொன்னால் மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாமல் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஏதாவது ஆகிவிட்டால்? அதற்குள் டாக்டரம்மா பாதி எழுதிவிட்டார்.

"டாக்டர், அது பொய்! நான்தான் பேண்டைப் பிரிச்சுப் பிரிச்சு விட்டேன்."

அவர் என் டேப்பை வாங்கி மச்சான் இடுப்பை அளந்தார். நாற்பத்தொன்று. சட்டைக் காலரை மடக்கிப் பின்கழுத்தைப் பார்த்தார். கறுத்துத் தடித்திருந்தது. காலர் அளக்கும்போதெல்லாம் நானும் பார்த்ததுதான், அழுக்கு என்று நினைத்தேன்.

"இன்சுலின் சொல்றத இவர் உடம்பு கேக்கல. அதனால கணையம் மேல மேல சுரந்து சர்க்கரையை அடக்கி வச்சிருக்கு. ஆனா கொழுப்பும் பிரஷரும் ஏறும், இதயத்துக்குப் போற குழாய் அடைக்கும். இவர வீட்டுக்கு அனுப்ப முடியாது. இப்பவே ஆஞ்சியோ பண்ணணும்."

உடை மாற்றிப் படுக்க வைத்தார்கள். மச்சான் என்னையே பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னு..."

அவரை உள்ளே தள்ளிப்போனார்கள், கதவு மூடிக்கொண்டது. அவருடைய பேண்ட் என் மடியில் கிடந்தது. போனில் மனைவி அழைத்துக்கொண்டே இருந்தாள், எடுக்கப் பயமாக இருந்தது. இடுப்புப்பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பிரித்த தையலின் ஊசித் துளைகள் நாலு வரிசையாகத் தெரிந்தன.

நாலு தடவை எனக்குத் தெரிந்திருக்கிறது.