சைக்கிள் நீளத்துக்கு ஒரு வழி

கொல்லயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் குஞ்சம்மாவுக்கு ஒரே வேலைதான். புருஷன் நேசமணியின் சைக்கிள் காரியரில் இரண்டு காலும் ஒரே பக்கமாக ஒருச்சாய்த்து உட்கார வேண்டும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் தெற்கே காரோடு ஊருக்கு என்பாள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் யாரும் இல்லை என்பாள். காரோட்டில் ஒரு கடையில் ஆளுக்கொரு சர்பத் குடிப்பார்கள். கடல் காற்று கொஞ்சம் முகத்தில் படும். போன வழியே திரும்பி வருவார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இதென்ன கூத்து என்று ஊர் கேலி செய்தது. செய்துவிட்டுப் போகட்டும். ஆறு நாள் அண்டியாபீஸில் குத்தவைத்து முந்திரிக்கொட்டை உடைத்து, தோட்டு எண்ணெயில் விரல் வெந்து, மேஸ்திரியின் வாயில் விழுந்து எழுகிறவளுக்கு ஏழாம் நாள் காற்று வாங்கக்கூட ஊரின் சம்மதம் வேண்டுமா என்ன?

அந்தச் சவாரிக்கு உயிரே வீட்டோரத்து இடவழிதான். நேசமணி வீட்டுக்கும் அப்புக்குட்டன் வீட்டுக்கும் நடுவே இறங்கி, தென்னந்தோப்பைக் கடந்து கால்வாய்க்கரையில் ஏறும். கரையில் ஏறிவிட்டால் பஸ் இல்லை, லாரி இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரச்சீனியும் வாழையும். நேசமணிக்கு மிதிப்பதே தெரியாது, குஞ்சம்மாவுக்கு உட்கார்ந்திருப்பதே தெரியாது. இந்த வழி இல்லையென்றால் பெரிய ரோட்டில்தான் போக வேண்டும். அங்கே லாரிக்காரன் உரசிக்கொண்டு போவான். ஒரு தடவை போய்ப் பார்த்து, போதும் சாமி என்று திரும்பியவர்கள்தான்.

வழி சும்மா வந்ததா? நிலத்துக்கு உடையவரான ஜன்மியின் மண்ணில் குடியிருந்த குடிகிடப்புக்காரனுக்குக் குடிசையோடு பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்தது எழுபதில். ஜன்மி தானாக அளந்து கொடுத்துவிடுவார் என்று காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். இந்த இரண்டு வீட்டுக்காரர்களும் காத்திருக்கவில்லை. கம்பும் முள்ளும் கொண்டுவந்து அவர்களே வேலி கட்டினார்கள். அளக்கச் சங்கிலி இல்லை. நடுவே எவ்வளவு வழி விடுவது என்று ஆண்கள் இரண்டு பேரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, குஞ்சம்மா சைக்கிளைத் தூக்கிக் குறுக்கே கிடத்தினாள். இந்த நீளம் வழி, ஆளுக்குப் பாதி விடுங்கள் என்றாள். அக்கா சொன்னால் சரியாக்கும் என்றான் அப்புக்குட்டன். அப்போது அவனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. சைக்கிள் விடப் படித்ததும் அதே சைக்கிளில்தான். சார்ஜாவுக்குப் போன அன்று, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதே காரியரில், அதே வழியில்தான் ரயிலுக்குப் போனான். மிதித்தது நேசமணி.

அந்த அப்புக்குட்டன் இப்போது லீவில் வந்திருக்கிறான். வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி. பக்கத்தில் நின்றால் அத்தர் மணம் மூக்கை அறுக்கிறது. அக்கா என்று கூப்பிட்டவன் மலையாளத்தில் சேச்சி என்று கூப்பிடுகிறான். ஓட்டு வீட்டை இடித்து கான்கிரீட் வார்ப்பு வீடு கட்டினான், நல்லது, கட்டட்டும் என்று குஞ்சம்மா மனசார நினைத்தாள். பால்காய்ச்சுக்குப் போய்ப் பாயசமும் குடித்தாள்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால், வழியின் நடுவே நூல் கட்டியிருக்கிறது. நூலோரமாக மதிலுக்கு அஸ்திவார வானம் தோண்டியாகிவிட்டது. ராத்திரி பெய்த மழையில் குழியெல்லாம் செம்மண் சேறு. கொத்தனார் கிருஷ்ணன்குட்டி கருங்கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். லீவு முடியப்போகிறது என்று ஞாயிறுகூடப் பார்க்காமல் வேலை வைத்திருந்தான் மகராசன் அப்புக்குட்டன். மதில் எழும்பினால் மிச்ச வழியில் ஆள் நடக்கலாம். காரியரில் ஒருச்சாய்த்து உட்கார்ந்தால் முழங்கால் மதிலில் தோல் உரியும்.

குஞ்சம்மாவுக்கு உள்ளங்காலிலிருந்து ஏறியது கோபம். அதற்கு மேல் எண்ணெய் ஊற்றினான் நேசமணி.

"விடு குஞ்சம்மா. நம்ம வேலிய கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுவோம்."

"உள்ள எங்க? எனக்க அடுப்புக்கு மேலயா?"

அவன் எப்போதும் இப்படித்தான். ஜன்மியின் காரியஸ்தன் வந்து கத்தியபோதும் விடு என்றான், வேலைக்குப் போன விறகு டிப்போவில் பாதிக் கூலி கொடுத்தபோதும் விடு என்றான். விட்டு விட்டு இந்த மனுஷன் கையில் மிஞ்சியது ஒரு சைக்கிளும் அது போகிற வழியும்தான். இப்போது அதையும் விட வேண்டுமாம். அப்புக்குட்டன்மேல் வந்த கோபத்தில் பாதி புருஷன்மேல் திரும்பியதை அவளே உணர்ந்தாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளை உருட்டி வந்தாள். வழியின் குறுக்கே கிடத்தினாள். பின்சக்கரம் இவர்கள் வேலியைத் தொட்டது. முன்சக்கரம் வானக்குழியைத் தாண்டி அப்புறம் கிடந்தது. இதுதான் அளவு, மறந்துபோச்சா என்று கேட்டாள்.

கொத்தனார் பக்கத்தில் நின்ற அப்புக்குட்டன் சிரித்தான். சைக்கிளை வைத்து அளந்ததெல்லாம் பட்டாவில் இல்லை, நூல் வரைக்கும் தன் பத்து சென்ட் என்றான். அதில் பொய்யில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால்கூட அவள் இரண்டு வசவோடு போயிருப்பாள். அவன் நிறுத்தவில்லை.

"நடக்க வழி உண்டல்லோ சேச்சி. நீங்க சைக்கிள்ல வேலைக்கா போறிய? சும்மா சுத்தத்தானே. அதுக்கு எதுக்கு இத்தற வழி?"

கிருஷ்ணன்குட்டிகூடக் கல்லை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எலே அப்புக்குட்டா," என்றாள் குஞ்சம்மா. குரல் உயரவில்லை. "ஆறு நாளு வேலைக்குப் போறதுக்கு எனக்கு எந்த வழியும் போதும். முள்ளு மேலயும் நடப்பேன். சும்மா போறதுக்குத்தான் இந்த வழி. சும்மா போகத்தான் அண்ணைக்கு நானும் வேலி கெட்டினேன்."

அப்புக்குட்டன் கொத்தனாரிடம் திரும்பி, கல்லை வையும் என்றான். சைக்கிள் நசுங்கினால் அடுத்த லீவுக்கு ஒரு ஃபாரின் சைக்கிள் கொண்டுவந்து தருவதாகவும் சொன்னான்.

அவ்வளவுதான். குஞ்சம்மா சைக்கிளைத் தூக்கி வானக்குழிக்குள் இறக்கினாள். காரோடு இருக்கிற தெற்கைப் பார்த்து ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். சேற்றில் ஸ்டாண்டு மெல்ல அமிழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையோடு காரியரில் ஏறி ஒருச்சாய்த்து உட்கார்ந்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"ஏறுங்க."

நேசமணி அவளைப் பார்த்தான். அப்புக்குட்டனைப் பார்த்தான். ஒரு காலத்தில் பெட்டியும் மடியுமாகத் தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அண்ணா பயமா இருக்கு என்று அழுத பையன். அவன் கண்ணாடியைக் கழற்றாமலே நின்றான். நேசமணி வேட்டியை மடித்துக் கட்டினான். குழிக்குள் இறங்கினான். ஏறி உட்கார்ந்தான்.

"சவுட்டுங்க," என்றாள்.

மிதித்தான். பின்சக்கரம் சுழன்றது. மட்கார்டின் பின்பாதி எப்போதோ உடைந்துபோயிருந்தது. டயர் சேற்றில் உரச, செம்மண் விசிறி அடித்து, பின்னால் நின்றவனின் வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால் வரைக்கும் அப்பியது. அப்புக்குட்டன் துள்ளி விலகினான். நேசமணி நிறுத்தவில்லை. இத்தனை வருஷமாக விட்டதையெல்லாம் சேர்த்து மிதிக்கிறவன் மாதிரி மிதித்தான். குஞ்சம்மா அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்குங்கள் என்று அப்புக்குட்டன் முதலில் கெஞ்சினான், பிறகு கத்தினான், பிறகு போலீசைக் கூப்பிடுவேன் என்றான். கிருஷ்ணன்குட்டி உளியைக் கீழே வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். ஆள் இருக்கிற குழியில் கல் வைக்கத் தன்னால் ஆகாது என்றார்.

"எறங்குங்க அக்கா," என்றான் கடைசியில். அக்கா திரும்பி வந்திருந்தது.

"எறங்க மாட்டோம். நாங்க காரோட்டுக்குப் போயிட்டிருக்கோம்."

அப்புக்குட்டன் சைக்கிளுக்கு முன்னால் வந்து நின்றான். நேசமணி மிதிப்பதை நிறுத்தாமல், வழி விடச் சொல்லி அவன் முகத்துக்கு நேரே பெல்லை அடித்தான்.