பின்னால் பிடித்தவர்கள்

கமலநாதன் அண்ணன் அந்த இரும்புச் சட்டத்தை என் மேசைமேல் வைத்தபோது தேநீர்க் கோப்பை ஆடியது. பிரிக்ஃபீல்ட்ஸில் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தரும் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தோடு வருவார்கள். இவர் ரவாங்கிலிருந்து ரயிலில் பொருளையே தூக்கி வந்துவிட்டார். காவடியின் இடுப்புப் பகுதி மட்டும். அதில் ஒரு கீல், கீலோடு பழைய மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங். படியேறும்போது காவடி பின்னுக்குச் சாய்ந்தால் ஸ்பிரிங் இழுத்து நிமிர்த்தும். அவ்வளவுதான்.

சிக்கலே அந்த ‘அவ்வளவுதான்’. தொழில் தெரிந்த எவருக்கும் சட்டென்று தோன்றக்கூடிய பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. மனிதரோ அவர் குடியிருக்கும் தாமானில், அக்கம்பக்கத்து வீடுகளில், பதினெட்டுப் பேரிடம் எழுதி வாங்கி வந்திருந்தார். ‘ரொம்ப சிம்பிள்.’ ‘யாரு வேணும்னாலும் செய்யலாம்.’ சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது.

“எல்லாரும் பாராட்டியிருக்காங்க மேடம்.”

அவர் சட்டைப் பையில் ஒரு கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருட வெல்டிங் வேலையை விடும் கடிதம். “நீங்க ஓகே சொன்னா நாளைக்கே குடுத்திடுவேன் லா. சொந்தமா இதச் செஞ்சு விக்கலாம்.”

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த மனிதரின் வாழ்க்கையை என் தலையில் ஏன் கட்டுகிறார்?

“அண்ணே, கீலும் பழசு, ஸ்பிரிங்கும் பழசு. சேத்து வைக்க யாருக்கும் தோணும்னு ஆபீசர் தள்ளிடுவாரு. லெட்டர கிழிச்சிடுங்க.”

 அவர் கடிதத்தைப் பைக்குள் அழுத்திவிட்டுச் சட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“என் தம்பி ராஜன் ஒம்பது வருஷம் பத்துமலைக்குக் காவடி எடுத்தான். வருஷா வருஷம் சாயும். பின்னால ரெண்டு பேரு பிடிச்சிக்கிட்டே ஏறுவாங்க. யாருக்கும் தோணும்னா, அந்த ஒம்பது வருஷம் ஏன் மேடம் தோணல?”

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. வெட்கமாக இருந்தது. தேவை கண்ணெதிரே கிடந்தும் தொழில் தெரிந்தவனுக்கே தோன்றவில்லை என்றால், வாதாட இடமிருக்கிறது. ஆனால் அதைச் சாட்சியாகச் சொல்ல, கூடவே இருந்த தொழில் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

பதினெட்டுப் பாராட்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன்.

“பிடிச்சவங்க யாரு? பேரு, வேலை சொல்லுங்க.”

“ஒருத்தரு எங்க மாமா. பஸ் டிரைவரு.”

“இன்னொருத்தரு?”

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

“கமலநாதன். வெல்டர்.”

எழுதப்போன கை நின்றது. சட்டத்தை விரலால் தள்ளினேன். அது பின்னால் சாய்ந்து, யாரும் பிடிக்காமலே நிமிர்ந்தது.