ஒன்றே கால் அடிப் பெண்

தான் செய்த மாடலைக் கண்ணாயிரம் திருடிக்கொண்ட நாளிலிருந்து ஜோதிலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. மாமல்லபுரத்தில் அவன் பட்டறையில்தான் அவள் சிற்பியாக இருந்தாள். நாற்றுக்கட்டோடு நிமிர்ந்து நிற்கும் பெண்ணை மாவுக்கல்லில் ஒன்றே கால் அடிக்குச் செதுக்கி முடிக்க இரண்டு மாதம் ஆனது. செங்கல்பட்டு ரவுண்டானாவில் வைக்கப்போகும் இருபத்தைந்து அடிச் சிலைக்கான மாதிரி அது. பாவி மனுஷன், தன் பேரைச் சொல்லிச் சிலைக்குழுவிடம் காட்டி வேலையை வாங்கிவிட்டான்.

"நான் பண்ணதுன்னு சொல்லுங்க அண்ணாத்த. பேரு மட்டும் போதும்" என்று கேட்டாள்.

"நீ பண்ணதுக்கு இன்னா சாட்சி கீது?"

அன்றே வேலையை விட்டாள். இருடா உனக்கு என்று கறுவிக்கொண்டாள். மாதிரியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கிறோம். பெரிய சிலையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தலை சிறுத்துத் தெரியும். அதனால் கல்லில் தலையளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உளியைத் தொட்டே பதினைந்து வருஷமான கண்ணாயிரத்துக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

அவள் நினைத்தபடியே அவன் மாதிரியை அளவெடுத்து அப்படியே இருபது மடங்காக்கினான். தலையைப் பற்றிச் சந்தேகம் கேட்ட ஆளையும், "மாடல்ல இருக்கறத பண்ணு" என்று அடக்கிவிட்டான். கல்லைப் படுக்கப்போட்டுத்தானே செதுக்குவார்கள், படுத்திருந்தவரை குறை தெரியவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் வேலியோரம் நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வாளா அவள்?

கிரேனில் தூக்கி நிறுத்தியபோதும் துணி சுற்றியே இருந்தது. திறப்பு விழாவில் அதை இழுத்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இன்னாபா, தல சுண்டக்கா மாதிரி கீது."

குழுத் தலைவர் ராகவனுக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன கண்ணாயிரம் இது?"

"என் தப்பு இல்ல சார். மாடலே ஜோதி பண்ணது சார். தோ நிக்குதே, அதான்."

எட்டு மாதமாக அவள் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் உடம்பெல்லாம் குளிர்ந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஆமா சார், நான் பண்ணதுதான். பெரிய கல்லுல தலைய கூட்டணும்னு செஞ்சவளுக்குத் தெரியும். திருடுனவனுக்கு எப்டி சார் தெரியும்?"



"இத சரிபண்ண முடியுமாம்மா? பீடத்துல உன் பேரையே போட்டுடறோம்" என்றார் ராகவன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். என்ன இருந்தாலும் தன் கையில் பிறந்த முகம்.

"கல்லுல குறைக்கத்தான் முடியும் சார், கூட்ட முடியாது. அவரு பேரே இருக்கட்டும். வர்றவன் போறவன்லாம் மேல பார்த்து சிரிச்சிட்டு, யாரு செஞ்சதுன்னு கீழ படிக்கட்டும்."